உன் கலியாணப் பத்திரத்தில் இருப்பவன்

தம்பி,

நேற்றுக் காலை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சட்டனில் உன் புது வீட்டு முன்னறையில், சோபாவுக்கு மேலே, உங்கள் கலியாணப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். கெதுபா என்று அதற்குப் பெயர் என்று நீ எத்தனையோ முறை சொல்லித் தந்தும் என் வாய்க்கு அது இன்னும் பழகவில்லை. சுற்றிவர மாதுளம்பழமும் கொடியும், நடுவில் உன் மனைவி வீட்டாரின் ஹீப்ரூ எழுத்து, அதற்குக் கீழே இங்கிலீஷ், ஆகக் கீழே இரண்டு வரி தமிழ். "உங்கட தமிழ்தான் பெஸ்ட் பார்ட் அப்பா" என்று எழுதியிருந்தாய். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். உன் அம்மா என்ன என்று கேட்கவில்லை. அவளுக்கும் அதே படத்தை நீ அனுப்பியிருந்தாய்.

அந்த இரண்டு தமிழ் வரியும் பொய். உன் தகப்பன் பெயர் என்றும் உன் அப்பப்பா பெயர் என்றும் அதில் இருப்பவை எங்கள் பெயர்கள் அல்ல. எழுதிக் கொடுத்தவன் நான்தான். கலியாணம் முடிந்து மூன்று கிழமை ஆகிவிட்டது; அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு முப்பத்து நான்கு வருடம் இருந்தது, சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை, உன்னுடையதைக்கூட. இதை உன் மனைவி வாசிக்கட்டும், சம்பந்தி வாசிக்கட்டும், ஊரே வாசித்தாலும் பரவாயில்லை. இரவல் பெயரில் வீடு வாங்கி, பிள்ளை பெற்று, கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவன் இந்த லண்டனில் நான் ஒருவன் மட்டும் என்று நினைக்காதே.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நீ அந்தப் பிள்ளையை எங்கள் மனோர் பார்க் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. கையால் புட்டைப் பிசைந்து சாப்பிட்டாள், உன் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. யூதப் பெண் என்றால் என்ன, எங்களைப் போல ஓடி வந்த ஆட்கள்தானே என்று நானே சொன்னேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு வருடமாக நீ செவ்வாய்க்கிழமைகளில் அவர்களுடைய மதத்துக்கு மாறுகிற வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். நாங்கள் ஜிம்முக்குப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர் உன்னை இருத்தி வைத்து ஏன் எங்களிடம் வருகிறாய் என்று கேள்வி கேட்டார்களாம், பிறகு தண்ணீர்த் தொட்டியில் தலை முழுக முங்கி எழுந்தாயாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். பெற்றவர்களுக்குப் பயந்து ஒளிக்கிற குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கத்தினேன். இன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

அன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, ஏதோ வங்கிக் கணக்கில் முகவரி மாற்றியதைச் சொல்வதுபோலச் சொன்னாய்.

"எனக்கு ஒரு ஹீப்ரூ பேர் தந்திருக்கினம் அப்பா. கெதுபாவில அந்தப் பேரும், சன் ஒஃப் ஆபிரகாம் எண்டும்தான் வரும்."

"ஆர் அந்த ஆபிரகாம்?"

"அவையின்ர முதல் தகப்பன். எல்லா கன்வெர்ட்டுக்கும் அப்பிடித்தான். இட்ஸ் நொட் பெர்சனல், அப்பா."

"தகப்பன்ரை பேர் பெர்சனல் இல்லாட்டி வேறை என்னடா பெர்சனல்? எங்கடை ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை. தகப்பன்ரை பேர்தான் பிள்ளைக்கு. அதையும் அழிச்சுப் போட்டா நீ ஆர்?"

உன் அம்மா அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நீ அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. என் பெயர் இல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு மாதத்துக்கு மேல் நாம் பேசவில்லை.

பிறகு அவர்களுடைய குரு, அந்த ரபாய் அம்மா, எங்கள் வீட்டுக்கு வந்தார். நரைத்த கட்டைத் தலைமயிரும் சைக்கிள் தொப்பியுமாக வாசலில் நின்றபோது கவுன்சிலில் இருந்து யாரோ என்று நினைத்தேன். இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தார், உன் சின்ன வயதுப் படங்களைப் பார்த்தார், என்னை ஒரு இடத்திலும் குறை சொல்லவில்லை. எங்கள் எழுத்தில் ஆபிரகாமின் மகன் என்றுதான் இருக்கவேண்டும், அதை மாற்ற முடியாது, ஆனால் பெற்ற தகப்பனை மறைக்க வேண்டும் என்று எங்கள் மார்க்கம் சொல்லவில்லை, கீழே உங்கள் பாஷையில் உங்கள் பெயரையும் உங்கள் தகப்பன் பெயரையும் சேர்ப்போம் என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் போன பிறகு உன் அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அடுத்த கிழமை நீ ஒரு தடித்த கடதாசியோடு வந்தாய். "வடிவா எழுதித் தாங்கோ அப்பா. ஆர்ட்டிஸ்ட் அதைப் பார்த்து அப்பிடியே வரைவா" என்றாய். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு தந்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொன்னேனே, அது உண்மை. பேனையை இரண்டு முறை உதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அந்தப் பெயர்க்காரனின் தகப்பன் பெயரை எழுதினேன். இத்தனை வருடம் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உன் பள்ளிக்கூடப் படிவங்களிலும் எழுதி எழுதி அது என் கைக்கு ஊறிப்போன பெயர். நீ அதைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என்னைக் கட்டிப் பிடித்தாய். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைக் கேள். இருபத்தோரு வயதில் என் பெயர் ஒரு லிஸ்டில் இருந்தது. எந்தப் பக்கத்து லிஸ்ட் என்பது இப்போது முக்கியமில்லை. இரண்டு பக்கமும் லிஸ்ட் வைத்திருந்தார்கள். சொந்தப் பெயரில் கொழும்பு தாண்ட ஏலாது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன் ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தான். என் வயது, என் உயரம். அந்த நாட்களில் சாவுகளை உடனே பதிவு செய்ய வழியில்லை, பதிவுக் கந்தோர் திறப்பதே அபூர்வம். அவன் செத்து ஒன்பதாம் நாள் நான் அவன் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போகவில்லை. அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்கப் போனேன்.

அவனுடைய தாய் வாசலுக்கு வந்தா.

"உதைத் தந்தால் அவன் செத்தவன் எண்டு நான் பதிய ஏலாதெல்லோ, தம்பி?"

"கொஞ்ச நாளைக்குத்தான் அம்மா. நான் போய்ச் சேர்ந்த உடனை உங்களுக்கு அறிவிக்கிறன். அதுக்குப் பிறகு நீங்கள் பதியலாம்."

உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தா. மடிப்பில் கிழிந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. என் கையில் தராமல் வாசற்படியில் வைத்தா, நான் எடுத்தேன். ஏன் படியில் வைத்தா என்பதைப் பிறகு சொல்கிறேன். அவவை அம்மா என்று கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

இங்கே வந்து இறங்கியதும் உண்மைப் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள், முதலில் சொன்னதை மாற்றினால் எல்லாமே பொய் என்று திருப்பி அனுப்பிவிடுவான்கள் என்றார்கள். பிறகு விசா, பிறகு வேலை, பிறகு உன் அம்மா, பிறகு சிட்டிசன்ஷிப். ஒவ்வொரு படியிலும் அடுத்த படியில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், சாதகம் உண்மைப் பெயரில்தானே பார்த்தார்கள். அவள் எங்கள் வழக்கப்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இஞ்சேருங்கோ என்பதோடு சரி; ஆகவே வீட்டுக்குள் அவளுக்குப் பொய் சொல்ல வேண்டி வரவில்லை. நீ பிறந்தபோது உன் பெயருக்குப் பின்னால் அந்தச் செத்துப்போனவன் பெயரைத்தான் பதிந்தார்கள். முருகன் கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அந்தப் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுமே என்று. உன்னிடம் மூன்று பேர் ஏன் வருகிறாய் என்று கேட்டபோது நீ உள்ளதைச் சொல்லி உள்ளே போனாய். என்னிடம் ஒரு வெள்ளைக்கார ஒஃபிசர் நீ யார் என்று மட்டும்தான் கேட்டான்.

கலியாண நாளுக்கு வருகிறேன். காலையில் தூறல் போட்டு, நல்ல வேளையாக மதியம் வெளித்தது. அந்தப் பழைய மாளிகையின் பின்புறப் புல்வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். கொட்டும் மேளமும் இல்லை, பார்க்கிங் டவுனில் இருந்து லொறியில் வந்து இறங்குகிற யானை மயில் மணவறையும் இல்லை, நாலு தடியும் ஒரு துணியும்தான் என்று எங்கள் ஆட்கள் காதுக்குள் பேசிக்கொண்டார்கள். முதலில் உள்ளே ஒரு சின்ன அறையில் கெதுபாவில் சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். இரத்த உறவு இல்லாதவர்கள்தான் சாட்சி சொல்லலாமாம். பிறகு நீ போய் அவள் முகத்தை நன்றாகப் பார்த்து, அதன் பிறகு உன் கையாலேயே முகத்திரையை இறக்கிவிட்டாய். அவர்களுடைய முதல் தகப்பன்களில் ஒருவருக்குத் திரைக்குள் வேறு பெண்ணை வைத்துக் கட்டிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களாம். அன்றிலிருந்து மாப்பிள்ளை முகம் பார்த்து ஆள் சரி என்று உறுதிப்படுத்திய பிறகுதான் திரை என்று ரபாய் அம்மா விளங்கப்படுத்தினார். ஆள் மாறாட்டம் நடக்கக்கூடாதாம். எல்லோரும் சிரித்தார்கள். ஆகப் பலமாகச் சிரித்தவன் நான்.

அதற்குப் பிறகு வெளியே வந்தபோதுதான் அந்த ஹுப்பாவை, அவர்களுடைய மணப்பந்தலைக் கிட்டத்தில் பார்த்தேன். உன் மனைவியின் தாத்தா தொழுகைக்குப் போர்த்த வெள்ளைச் சால்வை, ஓரத்தில் கறுப்புக் கோடு, மூலைகளில் நூல் குஞ்சம். நாலு மூலையிலும் நாலு தடி. நிலத்தில் ஊன்றுவதில்லை, நாலு பேர் பிடிக்க வேண்டும், வேண்டியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை அது என்று நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய். உன் மைத்துனன் ஒரு தடி, உன் சிநேகிதர்கள் இரண்டு பேர் இரண்டு தடி. நாலாவது தடியை நீயே என்னிடம் கொண்டு வந்தாய்.

"அப்பா, இது உங்களுக்கு."

நான் கையை நீட்டவில்லை. எங்கள் ஊர்ச் செத்த வீட்டில், கொள்ளி வைக்கிறவன் தண்ணீர் அள்ளப் போகும்போது அவன் தலைக்கு மேலே வெள்ளைச் சேலை பிடிப்பார்கள், நாலு மூலைக்கும் ஆள் நின்று. மேலாப்பு என்று சொல்வோம். நல்ல நாளில் என் பிள்ளை தலைக்கு மேல் மேலாப்பா என்று எனக்கு ஒரு திடுக்கீடு. அதோடு விட்டிருந்தால் அறியாமை என்று சொல்லலாம். என் திடுக்கீடு அது மட்டும் இல்லை. மேலாப்புப் பிடிப்பதற்கும் வெள்ளை கட்டுவதற்கும் ஊரில் வெளுக்கிற வீடு என்று ஒரு வீட்டை ஒதுக்கி வைத்திருந்தோம். நாங்கள் பிடிப்பதில்லை. எங்கள் ஆட்கள் அறுபது பேர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நான் அந்தத் தடியைப் பிடிப்பதா?

"உது எங்கடை வேலை இல்லைத் தம்பி" என்று சொன்னேன். "வேறை ஆரிட்டையும் குடு."

உனக்கு விளங்கவில்லை. எனக்குத் தோள்மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டாய், "ஓகே அப்பா, நோ வொறீஸ்" என்று சொல்லிச் சுற்றிப் பார்த்தாய். முன்வரிசையில் இருந்து உன் அம்மா எழுந்து வந்தாள். "தா, நான் பிடிக்கிறன்" என்றாள். காஞ்சிபுரமும் அட்டியலும் போட்டுக்கொண்டு, தன்னிலும் இரண்டு மடங்கு உயரத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் மனைவி உன்னை ஏழு முறை சுற்றி வந்தபோது நின்றாள், மோதிரம் போட்டபோது நின்றாள், ஒவ்வொருவராக வந்து ஏழு ஆசீர்வாதம் பாடி முடிக்கும்வரை நின்றாள். காற்றுக்குத் துணி இழுத்தபோது தடியோடு அவளும் சரிந்து நிமிர்ந்ததை நான் நாற்காலியில் இருந்து பார்த்தேன். நடுவில் கெதுபாவை மைக்கில் வாசித்தார்கள். உன் மச்சாள் எழும்பி அந்த இரண்டு தமிழ் வரியையும் கணீரென்று வாசித்தாள், வந்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் கை தட்டினார்கள். எங்கள் ஆட்களில் உண்மை தெரிந்த நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நீ கண்ணாடியை மிதித்து உடைத்தபோது, நல்ல நாளில் உடைக்கிறதே என்று உன் மாமி முணுமுணுத்தா. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

காரில் திரும்பி மனோர் பார்க் வந்து, வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, நான் திறப்பை இழுத்தபோது உன் அம்மா சொன்னாள்.

"உங்களுக்கு அவையின்ரை பேர் வேணும். அவையின்ரை வேலை மட்டும் வேண்டாம், என்ன?"

தம்பி, அந்தச் செத்துப்போனவன் வெளுக்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு மேலாப்புப் பிடித்தது அவனுடைய தகப்பன். உன் கெதுபாவில் உன் அப்பப்பா என்று என் பரிசு வாங்கிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்த பெயர் அந்த மனிதருடையது. அதனால்தான் அவனுடைய தாய் அந்தக் கடதாசியை என் கையில் தராமல் படியில் வைத்தா. மகன் செத்து ஒன்பதாம் நாள், தன் கடைசி உடைமையைக் கொடுக்கிற நேரத்திலும், என் கையில் தன் கை பட்டுவிடக்கூடாது என்று அந்த மனுஷி யோசிக்க வேண்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் குனிந்து எடுத்தேன். என் பெயரைத் தொலைத்தேன், ஊரைத் தொலைத்தேன், சாதியை மட்டும் பத்திரமாக லண்டனுக்குக் கொண்டு வந்து, உன் கலியாணத்துப் புல்வெளியில் எடுத்து விரித்தேன். உனக்குத் தோள்மூட்டு வலி என்று தோன்றியது உன் நல்ல மனதுக்கு. எனக்கு ஒரு வலியும் இல்லை.

இதையும் நான் விழுங்கியிருப்பேன். முந்தநாள் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களே, அதுதான் விடவில்லை. மெழுகுதிரி ஏற்றி, பாண் ரொட்டியைத் துணியால் மூடி வைத்து, சம்பந்தி தன் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். உன் தலையிலும் வைத்தார். நான் ஒரு நாளும் உன் தலையில் அப்படிக் கை வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சாப்பிடும்போது பேச்சு பெயர்களைப் பற்றிப் போனது. தங்கள் குடும்பப் பெயரே பொய் என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கும்போது வேறு ஒருவனுடைய கடதாசியில் இறங்கியவராம், அந்தப் பெயரே நிலைத்துவிட்டதாம். மேசையில் எல்லோரும் கேட்டுப் பழகிய கதை, உன் மனைவி அவரோடு சேர்ந்து முடிவைச் சொன்னாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நாலு தலைமுறை தள்ளி நின்றால் இதைப் பகிடியாகச் சொல்லலாம்போல் இருக்கிறது.

"ஆனால் கெதுபாவில் மட்டும் பொய் வராது" என்று அவர் தொடர்ந்து சொன்னார். "பாஸ்போர்ட்டில் என்ன பெயரும் இருக்கட்டும், கெதுபாவில் இன்னாரின் மகன் இன்னார் என்று உள்ளது உள்ளபடிதான் எழுதுவோம். பெயரில் பிழை இருப்பது பிறகு தெரியவந்தால் அதை வைத்திருக்கக்கூடாது. வேறு எழுத வேண்டும். அதற்கென்றே தனியாக ஒரு வாசகம் இருக்கிறது, பிழை கண்டுபிடித்து மாற்றி எழுதிய கெதுபா என்று." பழைய ஆட்கள், சரியான பத்திரம் எழுதும்வரை புருஷன் பெண்சாதி ஒரு வீட்டில் இருக்கவும் விடமாட்டார்களாம், இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை என்றார். நீ என்னைப் பார்த்து, எங்கடையில ஒரு பிழையும் இல்லை, அப்பா மூன்று தரம் செக் பண்ணித் தந்தவர் என்றாய். உன் அம்மா தண்ணீர்க் கிளாசை எடுத்து என் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஆபிரகாமும் பெயர் மாறியவர்தானாம். தகப்பன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்தவராம். உன் மனைவி ஒரு நாள் எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாள். நல்ல பிள்ளை, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாள். அவருக்குக் கடவுள் மாற்றிக் கொடுத்தார். நான் ஒரு தாயிடம் போய் வாங்கி வந்தேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இந்தக் கடிதத்தை உன் மனைவிக்கு வாசித்துக் காட்டு. இன்றைக்கே காட்டு. நல்ல நேரம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது, பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். பிறகு ரபாய் அம்மாவிடம் போய், பிழை இருக்கிறது, வேறு எழுத வேண்டும் என்று சொல். ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல். நான் மாட்டிக்கொள்வேன் என்று யோசிக்காதே. பாஸ்போர்ட்டைப் பறிப்பார்களா, வழக்குப் போடுவார்களா என்று முப்பது வருடமாகப் பயந்த பயம் இன்னும் போகவில்லை. தபால்காரன் மண்ணிறக் கடித உறை போட்டால் இன்றும் எனக்கு வேர்க்கும். அது என் பாடு. அந்தப் பயத்துக்குள்தான் உன்னையும் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது நீ வந்து அப்பப்பாவைப் பற்றிக் கேட்டாய், ஞாபகமா? தலையிடி என்று உன்னைத் துரத்தினேன். நீ அந்த மரத்தை அம்மாவின் பக்கத்துக் கொப்போடு மட்டும் கொண்டு போனாய். உனக்குப் பிள்ளை பிறந்தால் அது கேட்கிற கேள்விக்கு எழுந்து போகாதே.

புதிதாக எழுதும்போது என் உண்மைப் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் உன் விருப்பம். வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் கேள். வாயால் சொல்லமாட்டாள், எழுதித் தருவாள். ஆபிரகாமின் மகன் என்பதோடு நிறுத்தினாலும் இந்த முறை நான் வாயைத் திறக்கமாட்டேன். திரும்ப ஹுப்பா கட்டுவார்களா, கையெழுத்தோடு முடியுமா என்று எனக்குத் தெரியாது. கட்டினால் என்னைத் தடி பிடிக்கக் கேட்காதே. பிடித்துவிட்டு வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்தச் சுகம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. போய்ச் சேர்ந்ததும் அறிவிக்கிறேன் என்று அந்தத் தாய்க்குச் சொன்னேனே, அறிவிக்கவில்லை. ஒரு கடிதம் போடவில்லை. வெளுக்கிற வீட்டுக்கு நான் என்ன எழுதுவது என்று இருந்தேன். அதுதான் உண்மை, பயம் என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. அவ செத்துப் பல வருடம். ஊருக்குப் போய் வந்த ஒருவர் பார்க்கிங் டவுனில் ஒரு கடை வாசலில் வைத்து எனக்குச் சொன்னார். கடைசிவரை அவ மகனின் சாவைப் பதியவில்லையாம். திவசம்கூட வெளிப்படையாகச் செய்யவில்லையாம், பதிந்தால், செய்தால், இங்கே எனக்கு ஏதும் ஆகிவிடும் என்று. யாராவது மகன் எங்கே என்று கேட்டால், "அவன் லண்டனிலை" என்று சொல்லுவாவாம்.

ஆகவே அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடு. மரியாதைக்காகவோ நன்றிக்காகவோ ஒரு மூலையில் இருக்கட்டும் என்று உன் நல்ல மனதோடு யோசிக்காதே. அவன் இருபத்தோரு வயதில் முடிந்து போனவன். அதற்குப் பிறகு எனக்காக ஷிப்ட் வேலை செய்து, வரி கட்டி, கலியாணம் கட்டி, உன்னைப் பெற்று, இப்போது உன் சுவரிலும் தொங்குகிறான். அவனைச் சாகவிடு, தம்பி. அவனுடைய தாய் அதைக்கூடச் செய்யாமல் எனக்காகப் பொறுத்திருந்தா.

அப்பா